மில்லிமீட்டர் போட்ட கோடு

என் அண்ணனை அவர் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லிமீட்டர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. முப்பது வருடமாக அதே ஸ்டூல், அதே விளக்கு, அதே தேய்ப்புச் சக்கரம். ஒரு லென்ஸைக் கழற்றும் முன் அதில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக்கொள்வார். வைக்காமல் கழற்றிக் கோணலாக மாட்டிவிட்டால், போட்டுக்கொள்கிறவருக்குப் படிக்கட்டு ஓரிடத்திலும் தன் கால் வேறிடத்திலும் தெரியுமாம்.

அந்த வியாதி வீட்டுக்கும் வந்துவிட்டது. எதையாவது கழற்றும் முன்னும் சரி, புதிதாகப் பொருத்தும் முன்னும் சரி, அளவு பார்த்து ஊசி முனையால் ஒரு மெல்லிய கோடு கீறிவிடுவார். மேசை விசிறியின் கழுத்து, தண்ணீர்க் குழாயின் மூடி, தையல் இயந்திரத்தின் திருகு, எங்கே தடவினாலும் நகத்தில் ஒரு கோடு தட்டுப்படும். "கோடு போடாம எதையும் கழட்டக் கூடாது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நானும் தம்பியும் அன்றிலிருந்தே அதற்குக் கட்டுப்பட்டவர்கள். ஒருநாள் மதியம் அண்ணன் அசந்து தூங்கும்போது தம்பி பேனாவால் அவர் கழுத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டான். கேட்டால், "தலையைக் கழட்டினா திரும்ப நேரா மாட்ட வேண்டாமா?" என்றான். அண்ணன் கழுவக்கூட இல்லை. அந்தக் கோட்டோடேயே கடைக்குப் போய்விட்டு வந்தார்.

தம்பி எனக்கு மூன்று வயதும் அண்ணனுக்கு ஐந்து வயதும் இளையவன். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவன், சைக்கிள் பைத்தியம். அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தனக்கென்று ஒரு சட்டைகூட எடுக்காமல் மிச்சம் பிடித்து அவனுக்கு ஒரு பந்தய சைக்கிள் வாங்கித் தந்தார். பாசிப்பச்சை நிறம். விரல் கனத்தில் எஃகுக் குழாய்கள், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார். தம்பி அதைத் துடைத்த அளவுக்குத் தன் முகத்தைத் துடைத்திருக்க மாட்டான்.

அவனுக்குப் பத்தொன்பது வயதானபோது, அணைக்கட்டு வரை போய்த் திரும்பும் போட்டிக்குப் பெயர் கொடுத்தான். ஹேண்டில்பாரை இன்னும் இரண்டு விரல் இறக்கி வைக்கச் சொல்லி ஒரு வாரம் அண்ணனை நச்சரித்தான். குனிந்து ஓட்டினால் காற்று தடுக்காதாம். அண்ணன் மசியவில்லை. "உன் முதுகுக்கு இதுதான்டா அளவு" என்று முடித்துவிட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் பின்வாசலில் சைக்கிளைப் பிரித்துப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு சைக்கிளின் கழுத்துக்குள் இறங்கும். உச்சியில் உள்ள போல்ட்டை முறுக்கினால்தான் அது உள்ளே பிடித்து நிற்கும். அண்ணன் அளவு பார்த்து, தண்டில் கோடு கீறி, கழுத்தில் இறக்கினார். அப்போது பார்த்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கண்ணாடிக் கடையில் ரசீது எழுதுகிறவள். அண்ணன் மறந்துவிட்டுப் போன அளவு நோட்டைக் கொடுக்க வந்தாளாம். அதை மறுநாள் கடையிலேயே கொடுத்தால் ஆகாதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். பத்து நிமிடம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்து மிச்ச வேலையை முடித்தார்.

மறுநாள் அணைக்கட்டுச் சரிவில் தம்பி ஹேண்டிலைத் திருப்பினான், சக்கரம் திரும்பவில்லை. தண்டு மட்டும் கழுத்துக்குள் தனியாகச் சுழன்றது. பாலத்துச் சுவரில் போய் மோதினான். அதன்பிறகு இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வே இல்லை.

போட்டி நடத்தியவர்கள் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "தண்டு போல்ட்டைச் சரியா இறுக்கல" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டுதான் என் அண்ணன் இருபத்தேழு வருடம் வாழ்ந்தார். அந்தச் சாயங்காலத்தில் அவருக்கு மறந்தது எதுவுமில்லை, அந்தப் போல்ட்டில் தன் கை பட்டதா என்பதைத் தவிர. "கோடு போட்டது ஞாபகம் இருக்கு. அவ வந்தது ஞாபகம் இருக்கு. திரும்பி வந்து முறுக்கினேனா, இல்லையா?" என்று என்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார்! நான் என்ன சொல்ல முடியும்? முறுக்கியிருப்பீங்க என்பேன். நம்ப மாட்டார். உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை.

அந்தப் பெண் நான்கு வருடம் காத்திருந்தாள். அண்ணன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. பிறகு அவள் வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அண்ணன் காலையில் தம்பியைக் குளிப்பாட்டி, கடைக்குப் போய், மதியம் ஓடி வந்து அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, மறுபடி கடைக்கு ஓடுவார். அம்மாவும் அப்பாவும் இருந்த வரை ஒத்தாசை செய்தார்கள். அவர்களுக்குப் பிறகு எல்லாம் அவர்தான். என் கல்யாணத்துக்கு வந்தவர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார், புரட்டிப் படுக்கவைக்கும் நேரமாம். நான் புருஷன் வீட்டுக்கு நிம்மதியாகப் போனேன். அண்ணன் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்ற நிம்மதி. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விபத்து நடந்த தேதி வந்தால் அண்ணன் தம்பியின் கட்டிலருகே போய் உட்காருவார். "நான்தான்டா உன்னை இப்படிப் பண்ணிட்டேன்" என்பார். தம்பி ஒவ்வொரு வருடமும் ஒரே பதிலைத்தான் சொல்வான். "அதை விடுண்ணே." சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நான் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

போன வருடம் தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சுக்கு நடுவே அவன் அண்ணனிடம் கேட்டது ஒன்றுதான். "அந்த சைக்கிளைத் தேடிப் பாருண்ணே." மூன்றாம் நாள் போய்விட்டான்.

அந்த சைக்கிளை அப்பா விபத்து நடந்த வாரமே யாரோ ஒரு தையல்காரருக்கு விற்றுவிட்டிருந்தார். அண்ணன் தேடத் தொடங்கினார். ஏழு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் ஒரு தையல் கடையின் கண்ணாடிக் கதவில் 'பழைய சைக்கிள் விற்பனைக்கு' என்ற அட்டையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் அதேதான். தையல்காரர் தன் மகனுக்காக வாங்கியதாம். அது யாருடையது என்று கேள்விப்பட்டதும் மகன் தொடவே மாட்டேன் என்றுவிட்டானாம். கிடங்குச் சுவரில் மாட்டியதை அதன்பிறகு யாரும் இறக்கவில்லை. ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பி, விழுந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணன் வீட்டுக்குப் போனபோது சைக்கிள் தம்பியின் கட்டிலில் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? அவன் படுத்த கட்டில்ல கொண்டுவந்து இதைப் போட்டிருக்கீங்க!"

"உயரம் சரியா இருக்கும்மா. குனிய வேண்டியதில்ல" என்றார்.

கட்டிலில் பழைய செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு, டப்பா டப்பாவாக எடுத்து வைத்தார். சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தார். ரிம்மின் துருவை மிக மெல்லிய உப்புத்தாளால் எடுத்தார். பெயின்டை மட்டும் தொடவில்லை. சுவரில் உரசிப் பெயர்ந்த இடத்தில்கூடத் துரு ஏறாமல் மெழுகு தடவியதோடு சரி. நான்கு மாதத்தில் சக்கரங்கள் கோணலில்லாமல் சுழன்றன, பிரேக் பிடித்தது. கழுத்துப் பக்கம் மட்டும் அவர் கை போகவே இல்லை. அதைத் திறந்தால் தெரிந்துவிடும். இத்தனை வருடமாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்று தவித்த மனிதர், கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் பயந்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை மதியம் போன் வந்தது.

"முறுக்கலைம்மா" என்றார். "போல்ட் விரலாலேயே கழண்டு வந்துடுச்சு. நான் முறுக்கவே இல்ல."

அந்தக் குரலைக் கேட்டு நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன் சக்கரம் மாட்டியிருந்தது. தண்டு அசையவில்லை. போல்ட் கழன்றாலும், அலுமினியத் தண்டும் எஃகுக் கழுத்தும் இத்தனை வருடத்தில் உப்புப் பூத்து ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "இதை இன்னைக்கே முடிச்சு யாருக்காவது தூக்கிக் கொடுத்துடலாம். போதும்ணே, உங்களுக்கும் வயசாகுது" என்று கத்தினேன். அவர் எழுந்து போய் ஐஸ் எடுத்து வந்தார். குளிரில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாகச் சுருங்கும் என்று சொல்லி, ஐஸ் கட்டிகளைத் துணியில் கட்டித் தண்டின் மேல் வைத்தார். எண்ணெய் விட்டார். மரச்சுத்தியலால் தட்டினார். நான் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் ஹேண்டிலைப் பிடித்து முறுக்கினார். ஒரு மணி நேரம் இதே கூத்து. கடைசியில் கிரீச்சென்று ஒரு சத்தம் வந்து, தண்டு கையோடு வந்துவிட்டது.

அதைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கடையில் போடும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

"இங்க வா. உன் நகத்தை வெச்சுத் தடவிப் பாரு."

தடவினேன். தண்டின் கீழ்ப்பகுதியில், கழுத்துக்குள் இரண்டு விரல் ஆழத்தில் மறைந்திருந்த இடத்தில், முடி கனத்தில் ஒரு கோடு. அது அண்ணனுடையது. யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம்.

"இது கழுத்துக்கு மேல, விளிம்போட இருக்க வேண்டிய கோடு. உள்ள போயிருக்கு" என்றார்.

"விழுந்த வேகத்துல இறங்கியிருக்கும்ணே."

"சரி, இறங்கட்டும். அப்ப இதை யார் போட்டது?"

அவர் காட்டிய இடத்தில், இரண்டு விரல் மேலே, கழுத்தின் விளிம்பு இருந்த அதே மட்டத்தில் இன்னொரு கோடு இருந்தது. ஆணியால் கீறியது. இடது பக்கம் சரிந்து, ஒரு தடவை தவறி, மறுபடி அழுத்திப் போட்டது. தம்பியின் கையெழுத்தும் அப்படித்தான் இடது பக்கம் சாயும்.

போட்டி அன்று காலையில் நாங்கள் எழுவதற்கு முன்பே கிளம்பிப் போனவன் அவன். அண்ணன் முறுக்கியதோ முறுக்காததோ, அதைக் கழற்றி, தனக்கு வேண்டிய உயரத்துக்கு இறக்கி, அவசரத்தில் சரியாக இறுக்காமல் ஓடியிருக்கிறான். அந்த அவசரத்திலும் வீட்டுச் சட்டத்தை மீறாமல் கோடு போட்டிருக்கிறான்.

"கோடு போடாம கழட்டலை பாரு" என்றார் அண்ணன்.

எனக்கு வாய் நிற்கவில்லை. செத்தவனைத் திட்டக் கூடாது என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. அந்தக் கட்டிலைப் பார்த்தே திட்டினேன். "படுபாவி! எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே படுத்திருந்தானே! வருஷா வருஷம் இந்த மனுஷன் வந்து அழும்போது சுவரைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தானே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க ஒரு குடும்பம் குட்டின்னு இருந்திருப்பீங்க. அந்தப் பொண்ணு நாலு வருஷம் நின்னாளேண்ணே!"

நான் ஓய்ந்த பிறகு அண்ணன் சொன்னார்.

"பயந்திருப்பான்ம்மா."

"எதுக்குப் பயம்?"

"என் தப்பு இல்லைன்னு தெரிஞ்சா, நான் விட்டுட்டுப் போயிடுவேன்னு."

தண்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். தம்பியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாதவர், இப்போது தோள் குலுங்க அழுதார்.

"சொல்லியிருந்தாலும் நான் எங்கம்மா போயிருப்பேன்? இங்கேதான் இருந்திருப்பேன். அவனுக்கு அது தெரியலையே. இருபத்தேழு வருஷம் பயந்துக்கிட்டே படுத்திருந்து, தெரியாமலே போயிட்டானே."

என் கோபம் அத்தோடு போய்விட்டது. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். குடித்தார்.

சாயங்காலம் கழுத்துக்குள் கிரீஸ் தடவி, தண்டை இறக்கினார். தன் கோடு உள்ளே போனது. தம்பி போட்ட கோணல் கோடு விளிம்பில் வந்து நின்றதும் நிறுத்தினார்.

"அவன் கேட்ட அளவு இதுதானே" என்று சொல்லிவிட்டு, போல்ட்டை முறுக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு, கைவிரல் வெளுக்கும் வரை முறுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, சக்கரத்தை முழங்காலில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். என் பலம் முழுவதும் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

"இறுக்கமா இருக்கா?"

"இருக்குண்ணே."

"இன்னொரு தடவை பாரு" என்றார்.