டாக்டர் சொன்னதில் நான் விழுங்கிய பாதி

என் மாமன் மகள் அம்சவேணியைக் குணப்படுத்தியிருக்கக்கூடிய ஒரு மருந்தை, அவள் வாய்க்குப் போகாமல் தடுத்தவன் நான். அவளை அடைய வேண்டும் என்ற ஒரே ஆசையால்! அடைந்தும் விட்டேன். இன்று அவள் என் மனைவி.

முகத்தைச் சுளிக்காதே... முழுவதையும் கேள்.

பாகூரில் அவளோடு வாய் கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பேன். அதை அவளே முடித்து, பதிலும் சொல்லி, கேலியும் செய்துவிடுவாள். "இன்னா தொர, ஏரிக்கரையில பராக்கு பாத்துகினு நடந்தா சேத்துலதான் வுழுவ!" அந்த வேகத்தின்மேல்தான் எனக்குப் பைத்தியம். ஆனால் மாமன் அவளைச் சைகோனில் உத்தியோகம் பார்க்கும் ஒருவனுக்கு நிச்சயித்திருந்தார். நானோ பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறியும் வேலை கிடைக்காதவன்!

அந்த வருஷம் அவள் உடம்பு ஊதத் தொடங்கிற்று. சாப்பாட்டைக் குறைத்தும் சதை குறையவில்லை. லீவில் வந்த மாப்பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு, இளைத்தால்தான் கல்யாணம் என்று சொல்லியனுப்பினான். மாமன் அவளைப் புதுச்சேரிக்கு, ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அழைத்துப் போனார். பிரெஞ்சு தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

அந்த மனிதர் எவ்வளவு பொறுமையாகச் சொன்னார்! இது தின்று வந்த பருமனல்ல. தொண்டையில் ஒரு சுரப்பி உறங்குகிறது. ஆட்டின் அதே சுரப்பியிலிருந்து செய்த மாத்திரை இது. எடை குறையும், சோர்வு நீங்கும், பழைய சுறுசுறுப்பு திரும்பும். விட்டுவிட்டால் மேலும் மந்தமாவாள். ஆனால் அளவு மிஞ்சினால் கை நடுங்கும், இதயத்துக்கே கேடு வரலாம்; ஆகவே சிறிதாகத் தொடங்கி, மாதந்தோறும் நாடி பார்ப்பேன்... இரண்டு பக்கத்தையும் அவளிடம் சொல், முடிவு அவளுடையது என்றார்.

நான் ஒரு பக்கத்தைத்தான் சொன்னேன்.

"ஆட்டுக் கழுத்துல எடுத்த மருந்தாம் மாமா. இளைக்க வெக்குமாம். ஆனா மாரு படபடன்னு அடிச்சிக்கினு, உசுருக்கே ஆபத்தாம்."

"ஆட்டுக் கழுத்தா? அத நம்மூரு கறிக்கடையிலயே வாங்கிக் கொழம்பு வெச்சிருக்கலாமே! இதுக்கா வண்டி கட்டிகினு வந்தோம்?" என்றார் மாமன்.

அம்சவேணி சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். "நீ இன்னா சொல்ற மச்சான்? முழுங்கட்டா, வாணாமா?"

என்னைக் கேட்டாள்! என்னை!

"வாணாம்" என்றேன்.

அவளுக்கு எல்லாம் புரிந்ததா என்று டாக்டர் கேட்டார். "வுய், முசே" என்று தலையாட்டினேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று அன்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆபத்து உண்மைதானே? ஆம், உண்மைதான்... பாதி உண்மை!

சைகோன்காரன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு கப்பலேறினான். மாமன் அவளை எனக்கே கொடுத்தார்.

இப்போது சித்திரை வெயிலில் போர்வை கேட்கிறாள். குரல் கரகரத்துவிட்டது. முறத்தைக் கையில் பிடித்தபடியே கண்ணயர்கிறாள். நான் ஏதாவது கேட்டால்... காத்திருக்கிறேன்... எங்கிருந்தோ மெல்ல நடந்து வருகிறது பதில். பக்கத்திலேயே இருப்பவளுக்காக ஏங்குவது எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியுமா?

யுத்தம் வந்தபின் புதுச்சேரியில் அந்த மாத்திரை இல்லை. அந்த டாக்டரும் தம் தேசத்துக்குப் போய்விட்டார். மருந்துக்கடைக்காரர்தான் வழி சொன்னார்: "கடலூர்ல ஒரு தமிழ் டாக்டரு கீறாரு தம்பி. அந்த மாத்திர அவராண்ட கெடைக்கும், இட்டுகினு போ. வந்தவங்களுக்கே புரியறாப்புல எல்லாத்தயும் எடுத்துச் சொல்வாரு."

எடுத்துச் சொல்வாராம்! அவளிடமே, அவள் பேச்சிலேயே... நடுவில் நான் இல்லாமல்!

அந்த மருந்து இன்னமும் அவளை மீட்கக்கூடும். அந்த வேகம், அந்தக் கேலி... அதற்காகத்தானே ஏங்குகிறேன்? ஆனால் மீண்டு வரும் அம்சவேணி என்னிடம் முதலில் கேட்கப்போகும் கேள்வியும் எனக்குத் தெரியும்.

கடலூர் என்ன காசியா? காலையில் வண்டி பூட்டினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். நாள்தோறும் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறேன்... வண்டியருகே கொண்டுவந்து நிறுத்துகிறேன்... பிறகு வயலுக்கு ஓட்டிவிடுகிறேன்.