ஒரு பெயரைச் சேர்க்கக் காணை வரை

பிரெஞ்சு அரசியல் சிந்தனை வரலாறுதான் என் பிழைப்பு. பதினேழு வருடமாக அதைத்தான் படிக்கிறேன், பாடம் எடுக்கிறேன். என் முதல் தமிழ்ப் புத்தகம் திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில், போன ஜனவரியில் ஒரு புதன்கிழமை அச்சேற இருந்தது. முந்தைய நாள் காலை ஏழுமலையைப் பார்க்கக் கிளம்பினேன்.

என்னோடு ஆய்வில் சேர்ந்தவன் அவன். புரட்சிக்காலப் பிரான்சில் வீட்டு வேலையாட்களுக்கு ஏன் வாக்குரிமை இல்லை என்று ஒருநாள் பேச்சு வந்தது. "காசு இல்லன்றது மட்டும் இல்ல. வேலைக்காரனுக்குன்னு ஒரு நெனப்பு இருக்கும்னே அவங்களுக்குத் தோணல. எங்கம்மாவ நெலத்துக்காரங்க பாக்கிற மாதிரி" என்றான். அப்பா இறந்ததும் படிப்பை விட்டு ஊருக்குப் போய்விட்டான். அந்த வாதத்தை நான் கட்டுரையாக்கினேன். வேலை கிடைத்ததே அதனால்தான். அதில் அவன் பெயர் இல்லை.

தாம்பரத்தில் 6.40க்கு ரயில், 8.50க்கு விழுப்புரம். அங்கிருந்து காணை சுமார் பத்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை.

"அவரு கரும்புக்குத் தண்ணி பாய்ச்சிக்கினு இருக்காரு, குந்துங்க" என்றார் அவன் மனைவி. உட்கார முடியவில்லை, குத்தகை நிலத்துக்கே நடந்தேன்.

"இன்னா செல்வி, வழி மாறி வந்துட்டியா?"

மூன்றாம் அத்தியாயத்தின் வாதத்துக்காக அவனுக்கு நன்றி சொல்லியிருந்த பக்கத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தான்.

"நன்றின்னு போட்டுக்கிற. நான் இன்னா, உனுக்கு டீ வாங்கியாந்தனா?"

"என்ன போடணும், சொல்லு" என்றேன்.

"மூணாவது அத்தியாயம் என்னோடது. என் பேரு மொதல்ல, உன் பேரு அப்புறம்."

என்னை நாலு பேருக்குத் தெரிந்ததே அந்த வாதத்தால்தான். 'சரி' என்று சொல்ல வெட்கப்படும் அளவு நேரமாயிற்று. பழைய கட்டுரையையும் திருத்தச் சொல்லி அது வந்த இதழுக்கு எழுதுவதாகச் சொன்னேன். "எழுது" என்று மடை மாற்றப் போய்விட்டான்.

விழுப்புரத்தில் 1.15க்குத் திண்டிவனம் பஸ். முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 35 ரூபாய். "இப்ப வந்து சொல்றீங்களே மேடம், ஒரே பேஜாரு" என்று அலுத்துக்கொண்டே அச்சகக்காரர் அந்த அத்தியாயத்தில் அவன் பெயரைச் சேர்த்தார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஏழுமலைக்கு அனுப்பினேன்.

காணைப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் பஸ் குறைவு. திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு எப்போதும் பஸ் உண்டு.

மதுராந்தகம் தாண்டும்போது பதில் வந்தது: "இனிஷியல் எம் இல்ல, கே." உடனே அச்சகத்துக்குப் போன் போட்டு மாற்றச் சொன்னேன். என்னை மன்னித்தானா என்று அவனிடம் கேட்கவில்லை. புத்தகத்தைப் படிப்பான் என்று மட்டும் தோன்றியது.