டொமினிக்காக்காரியின் நாற்காலி

பாஸ்டெயர் நகரத்து மத்திய வங்கி கரீபியன் கடலின் எட்டுத் தீவுகளுக்கும் பொது. வெல்டா வாட்லிக்கு மட்டும் அது தன் ஊர்ச் சொத்து. கிழிந்த நோட்டை ஒதுக்குவதும் புது நோட்டைத் தீவு தீவாக அனுப்புவதும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அந்தப் பிரிவிலேயே தலை நரைத்துவிட்டது. பிரிவுத் தலைவி ஓய்வு பெறப்போகிறாள் என்றதும், பதவியேற்கும் நாளுக்கென்று நீலத்தில் ஒரு உடுப்பே தைத்து வைத்தாள்.

பதவிக்கு வந்தவளோ வேற்றுத் தீவுக்காரி, டொமினிக்காக்காரி கிளெமென்சியா லரோண்ட். வயதில் இளையவள்.

"கட்டடம் நம்ம மண்ணுல, நாற்காலி அவளுக்கா?" என்று பொருமினாள் வெல்டா.

பக்கத்து மேசை ஆஸ்பர்ட் மொன்செராட் தீவுக்காரர். "எட்டு வீட்டுக்காரங்க சேர்ந்து வெட்டுன கிணறும்மா இது. உன் வாசல்ல இருக்குன்னு வாளியும் உன் கையிலயே இருக்கணுமா?" என்றார்.

கிளெமென்சியா சிரித்தாலும் வெல்டாவுக்கு வயிறு எரிந்தது. அவள் கொண்டுவரும் உப்பு மீனை எல்லோரும் கேட்டு வாங்கித் தின்றபோது இன்னும் எரிந்தது.

அந்தச் செப்டம்பரில் புயல் டொமினிக்காவைப் புரட்டிப் போட்டது. கிளெமென்சியாவின் தாய்வீட்டுக் கூரை பறந்தது. ஆளாளுக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். 'துக்கத்திலும் இவளுக்குத்தான் முதலிடமா?' என்று நினைத்தாள் வெல்டா. நினைத்ததும் கூசிப்போனாள், ஆனாலும் நினைப்பு போகவில்லை.

அங்கே மின்சாரம் இல்லை, வங்கி அட்டை செல்லவில்லை, வங்கிகளில் இருந்த நோட்டெல்லாம் நனைந்து கிடந்தது. விமானத்தில் பணம் போயாக வேண்டும்.

"நீங்க போங்க வெல்டா. நான் போனா பெட்டியை அப்படியே போட்டுட்டு அம்மாகிட்ட ஓடிடுவேன்" என்றாள் கிளெமென்சியா.

பணத்தை வங்கியின் டொமினிக்கா அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, வெல்டா வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட முகாமுக்குப் போனாள். கிளெமென்சியாவின் தாய் பாய் மேல் உட்கார்ந்திருந்தாள். வெல்டாவின் நீல உடுப்பை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் எம்மவளுக்கு மேலதிகாரியா?"

"ஆமாம்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிடிவாதக்காரி. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

மறுவாரம் கிளெமென்சியா அவளை அறைக்குக் கூப்பிட்டாள். "என் மேலதிகாரி வந்தாங்களாமே? ரொம்ப மரியாதையான ஆளுன்னு அம்மா ஒரே புகழ்ச்சி."

வெல்டாவுக்குக் காது சுட்டது. "அப்படி இல்லன்னு நீங்க அம்மாகிட்ட சொல்லலையா?"

"எதுக்கு? பெரிய அதிகாரியே தேடி வந்தாங்கன்னு முகாம் பூரா சொல்லிட்டுத் திரியறாங்க. சந்தோஷமா இருக்கட்டுமே."

திட்டியிருந்தாலாவது வெல்டா நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இந்த நல்ல மனசையும் அவளிடமே கொடுத்துவிட்டாரே கடவுள் என்று அன்று முழுக்கப் புகைந்தாள்.

மூன்றாம் வருடம் கிளெமென்சியா, தாயைப் பார்த்துக்கொள்ள, டொமினிக்கா அலுவலகத்துக்கே மாற்றல் வாங்கிப் போனாள். நாற்காலி வெல்டாவுக்கு வந்தது. உட்கார்ந்த முதல் நாளே ஆஸ்பர்ட், "கிளெமென்சியா இருந்தப்ப..." என்று ஆரம்பித்தார்.

வெல்டா தொலைபேசியை எடுத்தாள். "ஊரை விட்டுப் போயும் என் உசிர வாங்குறியேடி!"

மறுமுனையில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.