கூடிய பில்லும் தீராத மாவும்

எண்பதுகளின் தொடக்கம், மின்வெட்டுக் காலம். அணையில் தண்ணீர் இல்லை, கரண்டைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று ரேடியோவில் நாள் தவறாமல் சொன்னார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் மதுரையிலேயே என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருக்கும். ஆனையூரில் எங்கள் வீட்டு நாற்பது வாட் பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு இருபத்தைந்தாக மாட்டினார். தட்டில் கிடப்பது கத்தரிக்காயா கருவாடா என்று தடவிப் பார்த்துத்தான் தின்ன வேண்டியிருந்தது.

அதோடு விட்டாரா? என் கிரைண்டர் மேல் கண் வைத்தார். சீட்டு எடுத்த பணத்தில் நானே வாங்கியது அது. அதற்கு முன்பெல்லாம் கோரிப்பாளையத்தில் ஆபீஸ் முடித்து, பஸ்ஸில் நசுங்கி வந்து, சேலையைக்கூட மாற்றாமல் ஆட்டுக்கல் முன்னால் உட்காருவேன். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல வலிக்கும். கிரைண்டர் எனக்கு உயிர்.

"அடுத்த பில்லு கூடுச்சுன்னா கிரைண்டர வித்துருவேன், பாத்துக்க" என்றார்.

"தாராளமா வித்துக்கங்க. ஆட்டுக்கல்லுல நீங்க உக்காந்து ஆட்டுங்க."

வாய்தான் பேசியது. உள்ளுக்குள் பயம். சொன்னால் செய்துவிடுகிற மனிதர். டியூப் லைட்டைத் தொடவில்லை. துணியைக் கரிப்பெட்டியில் தேய்த்தேன். ஃபேனை அணைத்துவிட்டு விசிறிக்கொண்டேன். மாவையும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைத்தேன். தீர்ந்தால் மிச்ச நாளுக்கு உப்புமா என்று முடிவு.

பில் கூடியது.

தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்று அதன் சக்கரத்தையே முறைத்தேன். சக்கரம் அசையவில்லை. அப்புறம் கரண்ட் எங்கேதான் போகிறது? யாராவது கொக்கி போட்டு இழுக்கிறார்களோ என்று சுவரோரமாக வயரைத் தடவிக்கொண்டே கொல்லை வரை போனேன். ஒரு பல்லிதான் அகப்பட்டது. அடுத்த பில் வரைக்கும் பொறுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சி அவகாசம் வாங்கினேன்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. மாவு தீரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு வியாழக்கிழமையும் பானை நிறைய இருந்தது. ஒரு நாள் புளிக்கும், மறுநாள் புளிக்காது. ஒரு நாள் வெந்தயம் மணக்கும். நானோ வெந்தயம் போடுகிறவளே இல்லை.

பகலில் வீட்டில் இருப்பவர் என் மாமியார் ஒருவர்தான். உசிலம்பட்டிப் பக்கம் காடு கழனியில் பாடுபட்டவர். மாமனார் போன பிறகு எங்களோடு வந்து, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிரைண்டர் வந்த அன்று, "மிஷினு மாவுல என்னத்த ருசி இருக்கப்போகுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

"ஏன் அத்தே, மாவு எப்படி இன்னும் இம்புட்டு இருக்கு?"

"வெயிலுக்குப் பொங்கும்ல தாயி."

பொங்கின மாவு வெந்தயமாகவா மணக்கும்? நின்று கேட்க நேரமில்லை. அவர் வைத்த இட்லியை விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அடுத்த பில் அதைவிடக் கூடியது. காளவாசலில் தெரிந்த கடைக்காரர் சாயங்காலம் வந்து கிரைண்டரை எடுத்துக்கொள்வார் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஆபீஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியாக ஒரு தடவையாவது அரைத்துக்கொள்ளலாம் என்று அரை நாள் லீவு போட்டுக் கிளம்பினேன்.

தெருவில் நுழையும்போதே கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. அடுக்களை நிறைய அக்கம்பக்கத்துப் பெண்கள். ஆளுக்கொரு சட்டியில் ஊறின அரிசி. நடுவில் என் மாமியார், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாவைத் தள்ளிவிட்டபடி, கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அரைத்து முடித்த ஒருத்தி, சட்டியைத் தூக்கும் முன்பு இரண்டு கரண்டி மாவை எங்கள் பானையில் ஊற்றினாள். அடுத்தவர் வீட்டில் அரைத்தால் முழுவதையும் வழித்துக்கொண்டு போகக் கூடாது, அந்த வீட்டுக்கும் கொஞ்சம் விட்டுப்போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"அடிப் பாவிகளா!" என்றேன்.

"இவதேன் எம் மருமக. மிஷினு இவ வாங்குனது" என்று மாமியார் என்னை அவர்களுக்குக் காட்டினார். குரலில் அத்தனை பெருமை! எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் செருப்போடு நின்றேன்.

சாயங்காலம் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரர் வந்தார். உண்மையைச் சொன்னால் என் கிரைண்டர் பிழைக்கும். ஆனால் மாமியாரைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். சொல்லாமல் விட்டாலோ கிரைண்டரும் போகும், அவரும் மறுபடியும் வாசலில் உட்கார வேண்டும். சொல்வதா வேண்டாமா என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே மாமியாரே குறுக்கே வந்து நின்றார்.

"நாந்தேன்டா அரைச்சேன். தெரு முச்சூடுக்கும் அரைச்சேன். இத விக்கிறதுன்னா வித்துக்க. அதே வண்டியில என்னையும் ஏத்திக்கிட்டுப் போயி ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுரு."

"ஏன் ஆத்தா இப்பிடிப் பண்ணுன?"

"பேச ஆளு வேணாமாடா?"

வீட்டுக்காரர் கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, நீங்க போயிட்டு வாங்க" என்றார். அவரை அனுப்பிவிட்டு வந்து அம்மா எதிரில் நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இம்புட்டு நாளும் பேச ஆளில்லாமயா ஆத்தா இருந்த?"

மாமியார் கிரைண்டரில் ஒட்டியிருந்த மாவை வழிக்கப் போய்விட்டார். கிரைண்டர் தப்பித்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் அதே வீட்டில்தானே மகனும் மருமகளுமாக நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.