இருபத்திமூன்றாம் பாடத்தோடு நின்ற ரெக்கார்டு

பி.எட். டீச்சிங் பிராக்டிஸ் என்பது, நமக்கே சரியாகத் தெரியாததை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் முன்னால் நின்று, கை நடுங்குவது தெரியாமல் சொல்லிக் காட்டும் தொழில். புதுக் காட்டன் சேலையில் நாலு பின் குத்தி, அதில் ஒன்றைத் தோளிலும் குத்திக்கொண்டு, சுருட்டிய சார்ட்டோடு டவுன் பஸ்ஸில் தொங்கிய என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரெக்கார்டு நோட்டில் நாற்பது பாடத்திட்டம் எழுதி, நாற்பதையும் நடத்தி, நாற்பதிலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த வருஷம் போச்சு. எனக்கு இன்னொரு வருஷம் கிடையாது. ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருக்கும் என் வீட்டுக்காரர், ஐந்து மாதக் குழந்தையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டுப் படிக்கப் போக ஒரே ஒரு வருஷம்தான் ஒப்புக்கொண்டிருந்தார். இதைக்கூட பாப்பா தூங்கின பிறகுதான் எழுதுகிறேன். நடுநடுவே எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். நான் பயந்தாங்கொள்ளி. கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்து ஒழுங்காகக் கற்றது இரண்டுதான்: நேராக நிற்பது, கேள்வி கேட்காமல் இருப்பது.

லேபிள் கிழிந்த ரெக்கார்டு

எனக்கு ஒதுக்கிய பள்ளி ஆம்பூரில், பாலாற்றுப் பக்கம். அதன் பின்கட்டு ஒரு காலத்தில் தோல் மண்டியாக இருந்ததாம். தோலுக்குப் போட்ட உப்பு சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. மழைக்கு முந்தின நாளே சுவர் வியர்த்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த நீள ஹாலை நடுவில் பிளைவுட் வைத்துத் தடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் எட்டாம் வகுப்பு, அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு.

எனக்கு வழிகாட்டி ஆசிரியை கமலா டீச்சர். முதல் நாள் என் முகத்தைப் பார்த்ததுமே பீரோவைத் திறந்து ஒரு பழைய ரெக்கார்டை எடுத்துக் கொடுத்தார். பிரவுன் அட்டை. பேர் எழுதி ஒட்டிய லேபிள் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது நம் தொழிலில் குற்றமில்லை, வழிவழியாக வரும் சலுகை. உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும், அதிசயமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டேன், இது யாருடையது என்று. டீச்சர் பீரோவைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "அப்படியே எழுதிக்கோம்மா. ஆராய்ச்சி எல்லாம் வேணாம், டைம் கம்மி."

முந்தி வந்த சிரிப்பு

முதல் பாடம் ஒலி. ரெக்கார்டின் ஓரத்தில் பென்சிலில் சின்னச் சின்னக் குறிப்புகள் இருந்தன. 'இங்கே நிறுத்து.' 'இங்கே சிரிப்பார்கள்.' எழுதியவள் கெட்டிக்காரி. காற்று இல்லாத இடத்தில் ஒலி பரவாது என்பதற்கு ஒரு ஜோக் வைத்திருந்தாள்: நிலாவில் நின்றுகொண்டு அம்மா எவ்வளவு திட்டினாலும் நமக்குக் கேட்காது, கை ஆடுவது மட்டும்தான் தெரியும்.

"நிலாவுல..." என்று வாயைத் திறந்தேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் ஜோக்கைச் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான். பாதிக் கேள்வி கேட்பதற்குள் முழு விடை வந்தது. முதல் பெஞ்சில் பர்வீன் என்ற பெண் என்னோடு சேர்ந்து சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். நான் ஒரு வரியை மறந்து நின்றபோதும் அவள் உதடு நிற்கவில்லை. பக்கத்தில் போய், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்: "போன வருஷமும் நீங்க இதேதான மிஸ் சொன்னீங்க?"

போன வருஷம் நான் அந்தத் தெருவைக்கூட மிதித்ததில்லை.

யாரிடமும் சொல்லாத சேதி

கைக்குழந்தை இருக்கிறது என்று தெரிந்தால் 'இதுக்கு லீவு, அதுக்கு லீவு' என்று பேச்சு வருமே என்று பள்ளியில் யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் பர்வீன் குரல்: "மிஸ், பாப்பா பொறந்துச்சா?" டஸ்டர் கையிலிருந்து விழுந்தது. திரும்பினால் முப்பத்தெட்டு முகமும் பதிலுக்குக் காத்திருந்தன. ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன். "ஏ, பொறந்துடுச்சாம்டி!" என்று கடைசி பெஞ்ச் வரைக்கும் போய்விட்டது.

மதியம் பர்வீனைத் தனியாக நிறுத்தி விசாரித்ததில் விஷயம் புரிந்தது. போன வருஷம் இவர்கள் ஏழாம் வகுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பாடம் நடத்திய பயிற்சி மிஸ் மாசமாக இருந்தாள். கிளாஸுக்கு வந்துபோன டீச்சர்கள் "மெதுவா நடம்மா, உக்காரும்மா" என்று சொன்னதெல்லாம் இவர்கள் காதில் விழுந்திருக்கிறது. அவளுடைய ரெக்கார்டுதான் என் கையில் இருப்பது. அதே வார்த்தைகள், அவள் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்துகிறேன். அது வேறு மிஸ், நான் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். பர்வீன் நம்பின மாதிரி தெரியவில்லை. "இந்தப் பக்கத்துக்கு வாசல் வேற மிஸ், அவங்க மூஞ்சிய நாங்க யாருமே பாத்ததில்ல, குரல்தான் கேட்டோம். அது இதே குரல்தான்."

நாற்காலி

பதினைந்தாம் பாடத்துக்கு மேல் பென்சில் குறிப்புகள் மாறின. 'கால் வீக்கம். உட்கார்ந்து நடத்து.' 'மூச்சு வாங்குகிறது, குழுச் செயல்பாடு கொடு.' (இந்த உத்தி நம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் இப்படி ஒரு காரணத்துக்காக யாரும் செய்திருக்க மாட்டோம்.) வீட்டில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பாடத்தைச் சொல்லிப் பார்ப்பேன். ஒருநாள் 'நிலாவுல' என்றதும், ஜோக்குக்கு முன்பே அவளும் சிரித்தாள். அன்று ஜெபமாலையை அவள் தொட்டிலில் கட்டிவிட்டேன்.

பத்தொன்பதாம் பாடத்தன்று நல்ல மூட்டம். சுவர் பூத்திருந்தது. பாதிப் பாடத்தில் என் கால் இரண்டும் கனத்தன. வீக்கம் ஒன்றுமில்லை, ஆனால் குறிப்பு இருந்த இடம் அது. நாற்காலியை இழுத்து, பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து நடத்தினேன். அப்படி உட்கார எனக்கு யாரும் சொல்லவில்லை. சாக்பீஸ் டப்பாவோடு வாசலுக்கு வந்த கமலா டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் அந்தச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. "எழுந்திரும்மா. நின்னு நடத்து. அந்த மாதிரி உக்காராதே."

பாடம் 24

ரெக்கார்டில் இருபத்திமூன்று பாடங்கள்தான். அடுத்த பக்கத்தில் 'பாடம் 24' என்று தலைப்பு எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். அதற்குமேல் வெள்ளை. மற்றவர்களுக்கு எழுதாமல் விட்டுவிட்டாள் என்று தோன்றியிருக்கும். எனக்கு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று தோன்றியது. தாண்டினால் அவளுக்கு என்ன ஆனதோ எனக்கும் அதுவே ஆகும், பாப்பா தொட்டிலில் அழுதுகொண்டே கிடப்பாள். நடத்தாவிட்டால் வருஷம் போகும். இரண்டு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டேன்.

மூன்றாம் நாள் கமலா டீச்சரிடம் போய், பன்னிரண்டு வருஷக் கான்வென்ட் பழக்கத்தை மீறி, கேட்டே விட்டேன்: "டீச்சர், இந்த மிஸ்ஸுக்கு என்ன ஆச்சு?" டீச்சர் லேபிள் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். பேர் எஸ்தர். பிரசவத்துக்குப் போனவள் திரும்பவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது, பெண் குழந்தை. "லேபிளை நான்தான் கிழிச்சேன். நல்லா எழுதியிருந்தா பாவி, வீணாப் போகக் கூடாதேன்னுதான் உனக்குக் குடுத்தேன்" என்றார். பிள்ளைகளுக்குத் தெரியுமா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும் சொல்லல. சின்னப் பசங்க, பயந்துடும்."

பயந்தது யார்

நான் ஆறாவது படித்தபோது என் பக்கத்தில் உட்காரும் பெண் ஒரு நாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் எங்களை ஆளுக்கு ஓரிடம் தள்ளி உட்கார வைத்து, காலி இடத்தை நிரப்பினார். அந்த இடம் நிரம்பவே இல்லை என்று எனக்குத்தான் தெரியும். இன்றைக்குத் தொட்டிலை எட்டி எட்டிப் பார்க்கும் பயம் அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அதனால் மறுநாள் போர்டில் 'பாடம் 24' என்று எழுதிவிட்டு, ரெக்கார்டை மூடி மேஜையில் வைத்தேன். நேராக நின்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பும் அமைதியாக இருந்தது.

"போன வருஷம் நீங்க கேட்ட குரல் என்னோடது இல்ல. அவங்க பேரு எஸ்தர். நிலா ஜோக்கும் அவங்களோடதுதான். அவங்க..." என்று தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. கை ஆடியது, அவ்வளவுதான். பர்வீன் எழுந்து நின்றாள். மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி பேசினாள். "தெரியும் மிஸ். எங்க அம்மி ஷூ மேல்தோல் தைக்கப் போற வீடு அவங்க தெருவுலதான். நீங்க வந்த ரெண்டாவது வாரமே எல்லாருக்கும் தெரியும்."

பின்னே ஏன் சொல்லவில்லை என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பர்வீன் பின் பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். பிறகு, ஒரு சின்னக் குழந்தைக்குச் சொல்கிற பொறுமையோடு என்னிடம் சொன்னாள்: "சாக்பீஸ் புடிக்கவே உங்களுக்குக் கை நடுங்குது மிஸ், சொன்னா பயந்துடுவீங்கன்னு நாங்கதான் யாரும் பேசக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தோம். அந்தப் பாப்பா இப்ப தவழுது. நீங்க இருபத்திநாலை ஆரம்பிங்க."

நாற்பதிலும் கையெழுத்து விழுந்துவிட்டது, என் பாப்பாவும் இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறாள், ஆனால் இருபத்திமூன்று பாடம் எஸ்தருடையது, பதினேழுதான் என்னுடையது என்று எழுத என் ரெக்கார்டின் முதல் பக்கத்தில் இடமில்லை, ஒரு பேருக்குத்தான் கோடு போட்டிருக்கிறார்கள்.