இன்னும் கொஞ்ச நாள் ஓடுமா?

கார் ஷெட்டில் ரிப்பேர் செய்கிறவர் கையில் கிரீஸ் ஒட்டும். ரிப்பேர் செய்யச் சொல்கிறவர் தலையில் திட்டு விழும். நான் இரண்டாவது ரகம். திருவொற்றியூரில் பெரிய ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஷெட்டில் சர்வீஸ் அட்வைசர். வண்டியைப் பார்த்து எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று சொல்லி, சொந்தக்காரரின் சம்மதத்தை வாங்க வேண்டியது என் பொறுப்பு.

எங்கள் தலைமை மெக்கானிக் சேவியர் அண்ணன். நான் "மாத்திடுங்க" என்று சொல்லும் பொருளை எட்டிப் பார்த்து, "இன்னும் ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போவது அவர் வழக்கம். வண்டிக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். கடைசியில் யார் சொன்னதில் செலவு குறைவோ அவரை நம்புவார். முன்மேஜையில் உட்கார்ந்து ஊருக்கு யோசனை சொல்லிப் பிழைக்கும் என் இனத்தவர்களே, இந்தக் கஷ்டம் உங்களுக்காவது புரியும் என்றுதான் எழுதுகிறேன்.

கோயில் வண்டி

ராயபுரத்திலிருந்து ஒரு பெரியவர் காரைக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டிக்கு வயதாகியிருந்தாலும் வெள்ளைச் சட்டை போல வைத்திருந்தார். டயரில் பட்டன் தேயாமல் அப்படியே இருந்தது, ஆனால் பக்கவாட்டு ரப்பர் முழுக்க வெடிப்பு. ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும், அதுவும் நம் உப்புக்காற்றில் சீக்கிரமே ஆகும், நாலையும் மாற்றியாக வேண்டும் என்று நான் விளக்கமாகச் சொன்னேன்.

அந்தப் பக்கம் போன சேவியர் அண்ணன் டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி, அவர் ஓட்டுகிற வேகத்துக்கு இது தாங்கும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, வழியில் வெடித்தால் என்ன செய்வீர்கள் என்று பெரியவரையே கேட்டேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"மாதா கோயிலுக்கு மட்டுந்தாம்மா இது போவுது. வழியில எதுனா ஆச்சுன்னா அது அவங்க பொறுப்பு."

வேண்டாம் என்றால் சந்தேகம்

இதற்கு நேர் எதிரான ஒருத்தர் மணலி புதுநகரில் இருக்கிறார். ஏதோ ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஷெட்டுக்குள் நுழையும்போதே செல்போனில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீடியோவில் யாரோ எங்கோ சொன்னதையெல்லாம் அவர் வண்டிக்குச் செய்ய வேண்டும். போன மாதம் மாற்றிய ஏர் பில்டரை மறுபடி மாற்றச் சொன்னார். மணலித் தூசியை நினைத்து நானும் கழற்றிப் பார்த்தேன். புதுசு போலவே இருந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக நானே "இன்னும் ஓடும் சார்" என்று சொன்னேன். பின்னால் சேவியர் அண்ணன் இருமினார், அது சிரிப்பை மறைக்கிற இருமல். அதிகாரி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"வேணாம்னு சொல்ற மெக்கானிக் ஷெட்டை எப்படி மேடம் நம்புறது?"

ஸ்டிக்கர் பொட்டு

எண்ணூர் பக்கம் கால் டாக்சி ஓட்டும் ஒரு தம்பியின் வண்டியில் மட்டும் எனக்கும் சேவியர் அண்ணனுக்கும் கருத்து வேறுபாடே வரவில்லை. என்ஜினிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு இரண்டு பேருமே பயந்துவிட்டோம். ஆயில் அளவைக் காட்டும் கம்பியை உருவினால் நுனியில்கூட ஈரம் இல்லை. ஆயில் லைட் எரிந்திருக்குமே என்று டேஷ்போர்டைப் பார்த்தேன். லைட் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய சைஸ் மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. அவர் மனைவியுடையதாம்.

சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தால் சவாரி வருகிறவர்கள் பயப்படுகிறார்கள், ஆப்பில் நட்சத்திரத்தைக் குறைக்கிறார்கள் என்று காரணம் சொன்னார். பொட்டை எடுத்துக் காட்டி நான் திட்டத் திட்ட, அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மேடம், லைட்டுதான் ரொம்ப பயப்படுது."

தடைக்காலம் முடிந்த சாயங்காலம்

இப்படிச் சிரித்துக்கொண்டே போகலாம். செல்வி அக்காவின் வண்டி வந்த அன்று சிரிக்க முடியவில்லை. செல்வி அக்கா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து மணலி மார்க்கெட்டில் விற்பவர். சொந்தமாக ஒரு பழைய வேன் உண்டு. தம்பி ஓட்டுவார், பக்கத்தில் அக்காவும் அவர் ஓரகத்தியும் நெருக்கி உட்கார்ந்து வருவார்கள், பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டிகள். மீன் வேன்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. ஐஸ் உருகி, உப்பும் மீன் தண்ணியுமாகத் தரை வழியே கீழே சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும்போதே அடிவயிறு அரித்துப்போயிருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் முழுக்க அந்த வேன் கடற்கரையோரம் சும்மா நின்றிருந்தது. தடை முடிந்து படகுகள் போய்விட்டன, மறுநாள் விடியலில் முதல் மீன் கரைக்கு வரும் என்ற நிலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி மாற்றத்தான் இழுத்து வந்தார்கள். நான் பழக்கதோஷத்தில், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் துருப்பிடித்து, தொட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உதிரிபாகம் விற்கும் ஜி.பி. ரோட்டுக் கடைகள் மூடும் நேரம். புது பைப் மறுநாள் பத்து மணிக்கு மேல்தான் கிடைக்கும். வண்டியை எடுக்க வேண்டாம் என்றேன்.

சேவியர் அண்ணனும் இறங்கிப் பார்த்தார். துருவைச் சுரண்டி விடுகிறேன், நாளை ஒரு நாள் மெதுவாக ஓட்டட்டும், மதியம் வந்ததும் மாற்றிவிடலாம் என்றார். இத்தனை நாள் வருமானம் இல்லாதவர்களை முதல் நாளே வீட்டில் உட்காரச் சொல்ல உனக்கு எப்படி மனசு வருகிறது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் மணலிக்குப் போகும் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் அந்த மூன்று பேரும் போக வேண்டும். பைப்பின் நிலைமை, பிரஷர், ஆயில் கசிவு என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். செல்வி அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"போன வாட்டி வைப்பர் போச்சுன்னும் இதே மூஞ்ச வச்சிக்கினுதான் சொன்ன மேடம். எது நெசம்னு எனக்கு எப்டி தெரியும்?"

மிதித்தது நான்

வைப்பருக்கும் அதே முகம், பிரேக்குக்கும் அதே முகம், உண்மைதான். சொந்தக்காரர் எடுத்துப் போகிறேன் என்றால் வண்டியைப் பிடித்து வைக்கவும் எனக்கு அதிகாரம் இல்லை. சேவியர் அண்ணன் கம்பி பிரஷோடு குழிக்குள் இறங்கிவிட்டார். புது பேட்டரி மாட்டியாகிவிட்டது.

நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். என்ஜினைப் போட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று கீழே குரல் கொடுத்துவிட்டு, ரோட்டில் திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே வந்தால் எப்படி மிதிப்போமோ அப்படி பிரேக்கை மிதித்தேன். முதல் மிதியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் பெடல் தரை வரைக்கும் போய் அப்படியே கிடந்தது. கீழே சேவியர் அண்ணனின் சட்டை முழுக்க பிரேக் ஆயில்.

செல்வி அக்காவின் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சொன்னது நிரூபணமாகிவிட்டது என்ற சந்தோஷம் எனக்குத் துளிகூட வரவில்லை, அந்த அக்காவின் முகம் அப்படி இருந்தது. குழியிலிருந்து மேலே வந்த சேவியர் அண்ணன் சட்டையைப் பிழிந்தபடி என்னைப் பார்த்தார்.

"மெதுவா போனா நாளைக்கு ஒரு நாள் ஓடியிருக்கும்மா. நீயா மிதிச்சி ஒடச்சிட்ட."

ஓடியிருக்குமா என்று இன்றைக்கும் எங்கள் இருவருக்கும் சண்டை உண்டு.

வஞ்சிரம்

அன்று இரவே சேவியர் அண்ணன் தன் மச்சானின் லோடு ஆட்டோவைப் பேசி அனுப்பினார். வேன் கொள்ளும் அளவு அதில் கொள்ளாது. ஏலத்தில் நல்ல மீன் கண் முன்னால் கைமாறிப் போனதை செல்வி அக்கா பார்த்துக்கொண்டு நின்றாராம். மறுநாள் சாயங்காலம் வேனை எடுக்க வந்தபோது கையில் ஒரு பை. அதில் முழு வஞ்சிரம். நேராகப் போய் சேவியர் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, என் மேஜைக்கு வெறுங்கையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

நீ சொன்னது சரிதான், நானும் கண்ணால் பார்த்தேன் என்றார். ஆனாலும் அந்த மனுஷன் எனக்காக வருத்தப்பட்டார், நீ பைப்புக்காக வருத்தப்பட்டாய் என்றார். எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வாயில் வந்தது. பைப் போனால் எனக்கு என்ன அக்கா, லாரிக்குப் பின்னால் நீங்கள் மூன்று பேரும் போவதை நினைத்துப் பயந்துபோனேன், அதனால்தான் மிதித்தேன் என்றேன்.

செல்வி அக்கா மேஜை மேல் இருந்த என் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"இத நேத்தே சொல்லியிருந்தா, நானே ஏறி மிதிச்சி ஒடச்சிருப்பேனே மேடம்."

என்ன செய்வது, வண்டிக்கு என்ன ஆகும் என்று சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம். அதில் போகிறவர்களுக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுவதை ஓவர்டைமில்கூடச் சேர்ப்பதில்லை.