புள்ளி போன அகராதி

முப்பத்தொரு வருஷம் ஒரே அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவளுக்கு அங்கே அச்சுக் கோப்பவர்கள் வைத்த பெயர் தேள். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் வருத்தமும் இல்லை. ஒரு முறை, பெண்ணைப் பெற்றவரே கையெழுத்துப் போட்டு ஒப்புதல் கொடுத்த கல்யாணப் பத்திரிகையை, இரண்டு பக்கமும் மணமகன் என்றே இருக்கிறது என்று வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாள். அந்த மனிதர் நன்றி சொல்லவில்லை, அபசகுனம் பிடித்தவள் என்று திட்டிவிட்டுப் போனார். அவளும் நன்றிக்காக வேலை பார்த்தவள் இல்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. துணி ஒட்டிய பெட்டி, உள்ளே தோல் அட்டை போட்ட புத்தகம், விளிம்பெல்லாம் தங்கப் பூச்சு. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் வந்த அகராதி ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, அப்படியே மறுபடி அச்சிட்டிருந்தார்கள். பின்னட்டையில் இருந்த விலையைப் படித்துவிட்டு அவள் கணவர், பஸ் ஓட்டி ஓய்ந்தவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு முன்பக்கத்தைப் புரட்டினார்.

"இங்க பாரு, உன் பேரைப் போட்டிருக்கான்."

போட்டிருந்தான்தான். 'மூலத்துடன் ஒப்பிட்டு ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்தவர்' என்று எழுதி, கீழே அவள் பெயர். ஒன்றரை வருஷத்துக்கு முன் பதிப்பாளர் மாதிரிக்காகப் பன்னிரண்டு பக்கம் கொண்டுவந்து காட்டியது உண்மை. அதற்கப்புறம் அவள் வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

கணவர் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோதே அவள் நடுவிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரித்தாள். ஏதோ சரியில்லை. 'பல்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'பல' என்று இருந்தது. அடுத்த வரியில் உண்மையான 'பல'. பல்லும் பலவும் ஒன்றாகிவிட்டன. இன்னும் புரட்டினாள். 'கல்' 'கல' ஆகி, 'மண்' 'மண' ஆகி, சில பக்கங்களில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. முந்நூற்றெண்பத்தெட்டாம் பக்கம் இரண்டு தடவை வந்திருந்தது. முந்நூற்றெண்பத்தொன்பதைக் காணவே காணோம்.

மறுநாள் நூலகத்துக்குப் போய், அங்கே பூட்டி வைத்திருந்த பழைய பிரதியில் அதே பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு பதிப்பகத்துக்கு நடந்தாள்.

"அம்மா, இது அச்சு அசல் நகல்," என்றார் பதிப்பாளர். நாற்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை. "அந்தக் காலத்துல புள்ளி இல்லாமலே போட்டிருப்பாங்க."

அவள் நகலை மேஜையில் வைத்தாள். "இதுல இருக்கே தம்பி."

அவர் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவரைக் கூப்பிட்டார். அந்த ஆள் இரண்டையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பழைய தாள்ல நிறைய அழுக்குப் புள்ளி இருந்துச்சு சார். எல்லாத்தையும் மொத்தமா சுத்தம் பண்ணினோம். இதுவும் அதோட போயிருக்கும்."

"பாத்தீங்களா, வேணும்னு யாரும் பண்ணலை," என்றார் பதிப்பாளர். "இதை வாங்குறவங்க படிக்கவா வாங்குறாங்க? ஹால்ல வைக்க வாங்குறாங்க."

"அப்ப என் பேரை எதுக்குப் போட்டீங்க?"

"உங்க பேரு இருந்தா நம்புவாங்கன்னுதான்."

"எடுத்துடுங்க."

"பைண்டிங் முடிஞ்சு போச்சும்மா. வேணும்னா இன்னொரு பிரதி தரச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை வெளியீட்டு விழா, மேடையில உங்களுக்கும் நாற்காலி உண்டு."

அவள் பிரதியை வாங்கவில்லை. விழாவுக்குப் போனாள்.

அரங்கில் முந்நூறு பேர் இருந்தார்கள். முன்வரிசையில் கணவர், பழைய டிப்போ நண்பர்கள் நாலு பேரோடு. நன்றியுரைக்கு முன்னால் அவளை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள். அவள் பேசவில்லை. அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, அச்சில் இருப்பதை இருக்கிறபடியே வாசித்தாள்.

"கடல. உபபு நீரபபரபபு. ஆழி. முநநீர."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. வயதான பெண்மணிக்கு நாக்குக் குளறுகிறது என்று ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் தம்ளரை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள். எட்டாவது சொல்லில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது. பதிப்பாளர் முகம் சுண்டிப்போய் எழுந்து வருவதற்குள் அவள் சொல்லி முடித்தாள்: "இதை நான் சரிபார்த்ததா இதுல எழுதியிருக்கு. பொய்." யாரோ மைக்கை அணைத்தார்கள்.

கணவர் இரண்டு நாள் தன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள், "பிரெண்ட்ஸ் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டே," என்றார்.

"என் மானம் அந்தப் புஸ்தகத்துல கிடக்கு, அதைப் பத்தி நீங்க பேசலையே," என்றாள். அவர் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

பதிப்பகத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவளும் ஒரு வக்கீலைப் பிடித்துப் பதில் அனுப்பினாள். கடைசியில், விற்காமல் இருந்த பிரதிகளில் அவள் பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். மற்றபடி அகராதி அப்படியேதான் விற்றது. ஏற்கெனவே விற்றுப்போன பிரதிகளில் அவள் பெயர் இருந்துகொண்டே இருந்தது. அந்தப் பிரதிகளைக் கொண்டுவருகிறவர்களுக்குத் தன் பெயரைத் தானே கோடு போட்டு அடித்துத் தருவதாக, முகவரியோடு ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள்.

ஒரே ஒருவர் வந்தார். கண் டாக்டர். பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே கத்தினார்.

"நல்லா இருந்த புஸ்தகம். நீங்க வாயைத் திறந்ததுல இதுக்கு மதிப்பே போச்சு."

"எத்தனை பக்கம் படிச்சீங்க?"

"அதைக் கேக்க நீங்க யாரு?"

பெட்டியைத் திறந்தாள். தங்க விளிம்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன. நகத்தால் நெம்பித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள், தன் பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, தேதி போட்டு, மை காயும்வரை ஊதினாள். பிறகு பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவர் வெகுநேரம் மணியை அடித்துக்கொண்டிருந்தார்.